படகின் கீழறையில் பெயிண்ட் அடிக்க இறங்கும் முன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரைகளில் விசைப்படகுகளைப் பழுது பார்க்கும் பருவம் இதுதான். தச்சர், வெல்டர், இன்ஜின் மெக்கானிக், பெயிண்டர் என்று எல்லோரும் ஒரே படகில் மொய்ப்பார்கள். புதிதாகப் பிரஷ் பிடிக்கும் தம்பிகள் வேலைக்கு வருவதும் இப்போதுதான். அவர்களுக்காக எழுதுகிறேன். வெளிப்பக்கம் அடிப்பதைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். மீனும் ஐஸும் கொட்டி வைக்கும் கீழறையும் இன்ஜின் அறையும் அப்படிப்பட்டவை அல்ல. அங்கே இறங்குவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அதை மாற்றக் கூடாது.

1. டின்னில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ரெட் ஆக்சைடு, ரெட் லெட் இரண்டும் சிவப்புச் சாயல்தான். முன்னது இரும்புத் துரு நிறமி, பின்னது ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு விதி வந்தது. தொழிற்சாலைப் பெயிண்டுகள் அந்த விதிக்குள் வரவில்லை. பழைய படகில் சுரண்டும்போது உதிர்வது ஈயமாகவே இருக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள். தூசி பறக்க விடாதீர்கள்.

2. கழுவுங்கள், ஆனால் இறங்காமல்

உப்பின் மேல் அடித்த பெயிண்ட் நிற்காது, ஆகவே நல்ல தண்ணீரில் கழுவித்தான் ஆக வேண்டும். நம் பக்கத்தில் நல்ல தண்ணீரின் விலை எல்லோருக்கும் தெரியும். என்றாலும் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். முதல் கழுவலை மேல்தளத்தில் நின்று குழாயால் அடித்துச் செய்யுங்கள். அடியில் தேங்கிய மீன்தண்ணீர் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு உண்டாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி இறங்குவதுதான் ஆபத்து.

3. காற்றை அடிவரை இறக்குங்கள்

நான் அதிகம் சொல்ல விரும்புவது இந்தப் படியைப் பற்றித்தான். பெயிண்டை இளக்கும் தின்னரில் பெரும்பாலும் இருப்பவை டொலுவீன், சைலீன் போன்றவை. இவற்றின் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. கடலோரத்தில் என்னதான் காற்று வீசினாலும், அது மேல்தளத்தைத் தடவிக்கொண்டு போய்விடும். ஆவியோ கிணற்றுத் தண்ணீர் போல அடியிலேயே கிடக்கும். குனிந்து அடிமூலைக்குப் பிரஷ் போடும்போது உங்கள் முகம் இருப்பது அந்தக் கிணற்றுக்குள்தான்.

அறை வாசலில் மின்விசிறி வைப்பதால் பயனில்லை. புளோயரை (காற்று ஊதும் கருவி) மேல்தளத்தில், காற்று வரும் பக்கம் வையுங்கள். அதன் குழாய் முனையைத் தரைக்கு ஒரு சாண் உயரம் வரை இறக்குங்கள். ஜெனரேட்டர் புகை புளோயருக்குள் போகாதபடி இடம் பாருங்கள். கச்சான் காற்று எழும் நாளில் புகை எந்தப் பக்கம் திரும்பும் என்று கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை முடிந்த பிறகும் பெயிண்ட் காயும்வரை புளோயர் ஓட வேண்டும். காயும் பெயிண்டிலிருந்தும் ஆவி எழும்பிக்கொண்டே இருக்கும்.

4. வாயு அளக்கும் மீட்டர் சொன்ன பிறகே இறங்குங்கள்

காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. 19.5-க்குக் கீழே காட்டினால் இறங்கக் கூடாது. காற்றிலுள்ள ஆவி, தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில் (மீட்டரில் LEL) 10 விழுக்காட்டைத் தாண்டினாலும் கூடாது. மூன்று உயரங்களில், கயிற்றில் மீட்டரை இறக்கிப் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் சம்மாட்டியாரிடம் (படகு உரிமையாளரிடம்) வாடகைக்கு எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். எரியும் விளக்கை இறக்கிச் சோதிக்கும் பழக்கத்தை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். தீ பட்டால் டொலுவீன் ஆவி பற்றிக்கொள்ள 4 டிகிரி வெப்பமே போதும். சித்திரை வெயிலில் அந்த அறை எப்படிக் கொதிக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

5. விளக்கும் தீயும்

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இத்தகைய அறைகளுக்குக் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்றும், தீப்பற்றும் ஆவி இருக்கக்கூடிய இடத்தில் தீப்பொறி வெளிவராத விளக்கே வேண்டும் என்றும் வகுத்தது. நம் படகுக்கும் அந்த அளவே சரி. செல்போனை மேலே வைத்துவிடுங்கள். மேல்தளத்தில் வெல்டிங், கிரைண்டர் ஓடினால் உங்கள் வேலையைத் தொடங்காதீர்கள்.

6. மேலே ஓர் ஆள், இடுப்பில் கயிறு

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு படகின் கீழறையில் அடித்துக்கொண்டிருந்தேன். காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. பிறகு ஏணிப்படி எது என்று கண் பிரித்தறியவில்லை. என் மூத்த பெயிண்டர் அண்ணன், நான் முணுமுணுத்தும் கேட்காமல், காலையிலேயே என்னைக் கயிற்றில் கட்டியிருந்தார். அவர் கூப்பிட்டு நான் பதில் சொல்லாததால் இழுத்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் அவர் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மேலே இருப்பவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். டீ வாங்கவும் அனுப்பாதீர்கள். உள்ளே இருப்பவர் மயங்கினால் மேலே இருப்பவர் குதிக்கக் கூடாது. கயிற்றை இழுக்க வேண்டும், 108-க்கு அழைக்க வேண்டும். காப்பாற்றப் பாய்ந்தவரும் அங்கேயே விழுவதுதான் இந்த விபத்துகளின் வழக்கம். உயிர் பதறும்போது தடுப்பது கடினம், அதனால் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

7. முகமூடி

துணியும் தூசி முகமூடியும் ஆவியைத் தடுக்கா. தின்னர் ஆவி போன்ற கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் (வடிகட்டி) பொருத்திய முகமூடி வேண்டும். அதுவும் ஆக்சிஜன் தராது. இரண்டு டின் கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்டின் ஹார்டனரில், அதாவது இறுகச் செய்யும் டின்னில், ஐசோசயனேட் உண்டு, ஆஸ்துமா வரவழைக்கும். அதைக் கீழறையில் ஸ்பிரே செய்ய வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி தேவை. இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டால் விஷம் முறியும் என்பார்கள். பசிக்குச் சாப்பிடலாம், நுரையீரலுக்குள் போனதை அவை வெளியே எடுக்கா.

8. கரையேறிய பிறகு

கையைத் தின்னரில் கழுவாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்பு போடுங்கள். எபாக்சி ஹார்டனர் கைபட்டு ஒருமுறை ஒவ்வாமை தொடங்கினால், பிறகு துளி பட்டாலும் தடிக்கும், அதனால் கையுறை போட்டே கலக்குங்கள். ஈயத் தூசி படிந்த சட்டையை வீட்டுத் துணிகளோடு ஊறப்போடாமல் தனி வாளியில் துவையுங்கள். வீட்டு வாசலில் குழந்தை ஓடிவந்து தூக்கச் சொல்லும். சட்டையை மாற்றிய பிறகு தூக்குங்கள்.