மார்பக இம்ப்ளாண்ட் அறுவைக்குப் பிறகு வீட்டுப் பராமரிப்பு: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மார்பகத்தில் இம்ப்ளாண்ட் (மார்புக்குள் வைக்கும் செயற்கைப் பை) வைத்து வீடு திரும்பும் பெண்ணுக்கும், அவரைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கும் இதை எழுதுகிறேன். புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்துவிட்டு மறுபடி உருவாக்கிக்கொண்டவர்கள் உண்டு, தன் விருப்பத்தின் பேரில் செய்துகொண்டவர்களும் உண்டு. எதற்காகச் செய்திருந்தாலும் முதல் ஆறு வாரப் பராமரிப்பு பெரும்பாலும் ஒன்றுதான். என் சித்திக்குச் செய்தபோது கூட இருந்து பார்த்துக்கொண்டது நான். அங்கே கற்றதைப் படிப்படியாகச் சொல்கிறேன். இம்ப்ளாண்ட் தசைக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்களா என்பதையெல்லாம் பொறுத்து விதிகள் மாறும். அதனால் உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

படி 1: போவதற்கு முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள்

நம் பக்கத்து வீடுகளில் நிலைக்கதவைத் தள்ளவே தனிப் பலம் வேண்டும். தேக்குக் கதவைத் தள்ளும்போது வேலை செய்வது நெஞ்சுத் தசைதான், இம்ப்ளாண்ட் இருப்பதும் அங்கேதான். ஆகவே கதவைத் திறந்து மூடும் வேலை இனி வேறு ஆளுக்கு. படுக்கையை மாடியில் போடாமல் வளவை (முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரத்தை) ஒட்டிய கீழ் அறையில் போடுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரம் பட்டால் வழுக்கும். குளியலறை வாசலிலும் முற்றத்து ஓரத்திலும் மிதியடி போட்டு, தண்ணீர் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். வழுக்கினால் கை தானாக எதையாவது பிடிக்கப் பாயும். அந்த ஒரு இழுப்பே தையலுக்கு ஆபத்து.

பரணிலும் மேல்தட்டிலும் இருக்கும் சாமான்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். முன்பக்கம் ஜிப்போ பட்டனோ வைத்த நைட்டி நாலைந்து வேண்டும், தலை வழியாக மாட்டும் உடை எதுவும் கூடாது. முதுகுக்கு முட்டுக்கொடுக்க நான்கு தலையணை. தாத்தாவின் ஈஸி சேரில் சாய்ந்து தூங்கலாமே என்று தோன்றும். ஆனால் அதிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்றித் தள்ள வேண்டியிருக்கும், அதனால் அது வேண்டாம்.

படி 2: ஊருக்குத் திரும்பும் பயணம்

மதுரையிலோ திருச்சியிலோ அறுவை முடிந்தால் காரைக்குடிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வலி மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். சீட் பெல்ட் கட்டாயம், பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவே சின்னத் தலையணை. வழியில் ஒரு முறை நிறுத்திக் கொஞ்சம் நடக்கவிடுங்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது உதவும். வேகத்தடையில் மெதுவாகப் போகும்படி டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 3: முதல் இரண்டு மூன்று நாள்

வலி அதிகமாக இருப்பது இப்போதுதான். தசைக்குக் கீழே வைத்திருந்தால் நெஞ்சில் பாறாங்கல் வைத்தது போல் அழுத்தும். வலி வந்த பிறகு மாத்திரை தேடாமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போட வேண்டும். தூக்கம் மல்லாந்துதான், தலையும் முதுகும் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். எழுப்பும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, முதுகுக்குப் பின்னால் கை கொடுங்கள்.

அன்றைக்கே நடக்கவும் வேண்டும். இதற்கு நம் வளவைப் போல் வசதியான இடம் கிடையாது. நிழல் இருக்கிறது, தரை சமம், பிடிக்கத் தூண் இருக்கிறது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு சுற்று போதும்.

இந்த நாட்களில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, இறுகி, கருநீலமாகி, வலி ஏறிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே கூப்பிடுங்கள்.

படி 4: நீர் வடிக்கும் குழாய் (டிரெய்ன்)

எல்லாருக்கும் குழாய் வைப்பதில்லை. மார்பகத்தை எடுத்து மறு உருவாக்கம் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் இருக்கும். வீட்டில் எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் இரண்டு தடவை செய்தால் கை பழகிவிடும்.

விலாப் பக்கத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளியே வரும். அதன் முனையில் மாதுளம்பழ அளவில் மிருதுவான பந்து. பந்தை அமுக்கி மூடினால் அது மறுபடி விரியப் பார்க்கும். அந்த இழுவையில்தான் உள்ளே தேங்கும் நீர் வெளியே வருகிறது. அமுக்காமல் மூடிய பந்து சும்மா தொங்கும், ஒன்றும் இழுக்காது.

சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். முதலில் குழாயை நீவிவிட வேண்டும். தோலை ஒட்டிய இடத்தில் ஒரு கையால் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் பந்து வரைக்கும் அழுத்தி வழித்து வாருங்கள். விரலில் கொஞ்சம் சானிடைசர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே நூல் மாதிரி கட்டி ஓடுவது தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது ஓடவேண்டியதுதான். அடுத்து மூடியைத் திறந்து, அளவுக் கோடு போட்ட கப்பில் ஊற்றுங்கள். மூடியின் வாயில் விரல் படக் கூடாது. பந்தைச் சப்பையாக அமுக்கிப் பிடித்தபடியே மூடியை அழுத்தி மூடுங்கள். கையை எடுத்த பிறகும் பந்து சப்பையாகவே இருந்தால் சரி.

ஒரு நோட்டில் தேதி, நேரம், எத்தனை மில்லி, என்ன நிறம் என்று எழுதுங்கள். இரண்டு குழாய் இருந்தால் இடது, வலது என்று தனித்தனியாக. சிவப்பில் தொடங்கி, ரோஸ் ஆகி, கடைசியில் வைக்கோல் நிறத்துக்கு வரும், அளவும் குறைந்துகொண்டே போகும். ஒரு நாளைக்கு 30 மில்லிக்கும் கீழே இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் எடுத்துவிடலாம் என்பது பல டாக்டர்களின் கணக்கு. குறைந்த அளவு மறுபடி ஏறினாலோ, வைக்கோல் நிறம் திரும்பச் சிவந்தாலோ போன் போடுங்கள்.

பந்தைத் தொங்கவிடாமல் நைட்டியில் ஊக்குப் போட்டு மாட்டுங்கள். தாழ்ப்பாளிலும் நாற்காலிக் கையிலும் குழாய் மாட்டி இழுபடுவது சகஜம்.

படி 5: புண், உள்ளாடை, குளியல்

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிராவைக் கழுவும் நேரம் தவிர ராப்பகலாகப் போட்டிருக்க வேண்டும், பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். கம்பி வைத்தது கூடாது. மாற்றிப் போட இரண்டு இருந்தால் நல்லது, நம் ஊர் வெயிலுக்கு வியர்வையில் மார்புக்குக் கீழ் மடிப்பு ஊறிப்போகும். குளிக்க எப்போது என்று டாக்டர் சொல்வார். சொன்ன பிறகும் தண்ணீரை மெதுவாக ஊற்றி, ஒத்தி எடுக்க வேண்டும். ஊருணியிலோ குளத்திலோ இறங்கவே கூடாது.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டியது. வீக்கம் என்றதும் ஆயாவும் அப்பத்தாவும் ஒத்தடத்துக்குத் தவிட்டை வறுக்கத் தொடங்குவார்கள். பாசத்தில் செய்வது, ஆனால் தடுத்துவிடுங்கள். அறுவையில் நரம்பு அறுபட்டிருப்பதால் மார்புத் தோல் மரத்திருக்கும். வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. ஐஸ் கட்டியை நேரே வைப்பதும் அதே ஆபத்துதான். மஞ்சள், வேப்பிலை, எண்ணெய், விபூதி எதுவும் தையல் மேல் வேண்டாம். உள்ளே இருப்பது வெளிப்பொருள். அதில் கிருமி ஒட்டிக்கொண்டால் மருந்துக்கு அடங்காமல் இம்ப்ளாண்டையே எடுக்க வேண்டிவரலாம்.

படி 6: சாப்பாடு

கத்தரிக்காய், மீன், கருவாடு, கடலை கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் சொல்வார்கள். ஒவ்வாமை இல்லாதவருக்கு அந்தத் தடை தேவையில்லை. புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், நாட்டுக்கோழி ரசம், பருப்பு எல்லாம் கொடுங்கள். சர்க்கரை நோய் இல்லையென்றால் கும்மாயம் அருமையான பண்டம், உளுந்தும் பாசிப்பருப்பும் இருக்கிறது, மெல்லவும் வேண்டாம். காரத்தை மட்டும் முதல் வாரம் குறையுங்கள், சில வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும். சில மாத்திரைகள் மலச்சிக்கலும் தரும். கீரை, வாழைத்தண்டு, பப்பாளி, நிறையத் தண்ணீர். நாட்டு மருந்து, மீன் எண்ணெய் மாத்திரை, ஆஸ்பிரின் எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். வீட்டில் யாரும் புகை பிடிக்க வேண்டாம்.

படி 7: கை எதுவரை போகலாம்

முதல் இரண்டு வாரம் முழங்கை விலாவை ஒட்டியே இருக்கட்டும், கை தோளுக்கு மேல் போக வேண்டாம். இரண்டு கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. ஆறு வாரத்துக்குக் குடம், கிரைண்டர் கல், கிணற்றுக் கயிறு, இடுப்பில் குழந்தை எல்லாம் மறந்துவிட வேண்டியதுதான். வாசல் கூட்டுவது லேசான வேலை மாதிரி தெரியும், ஆனால் நெஞ்சுத் தசை முழுக்க ஆடும். தலை பின்னிவிட ஆள் வேண்டும்.

அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். தோளை மெதுவாகச் சுழற்றுவது, பிறகு சுவரில் விரலால் ஏறுவது, இவற்றை எந்த நாளில் தொடங்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் வேண்டியிருந்தால் அந்த ஆண்டு வீட்டில் வேறு யாராவது எடுக்கட்டும். தலைமேல் குடத்தைத் தாங்கிக் கூட்டத்தில் நடப்பது இந்த உடம்புக்கு ஆகாது.

படி 8: பார்க்க வருகிறவர்கள்

யாருக்குச் சொல்வது, என்ன சொல்வது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். 'நெஞ்சில் ஒரு ஆபரேஷன்' என்பதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் மார்பு என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூச்சப்பட்டுச் சிவப்பையும் சீழையும் மறைக்கும் பெண்கள் நம் வீடுகளில் அதிகம். எதையும் சொல்லக்கூடிய ஒரு பெண்ணாவது கூட இருக்க வேண்டும். தினமும் நல்ல வெளிச்சத்தில் தையலைப் பார்ப்பது அவர் வேலை.

38 டிகிரி செல்சியஸுக்கு (ஃபாரன்ஹீட்டில் 100.4) மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சூடு, நாற்றம், தையல் பிரிதல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் உடனே 108.

முதல் வாரங்களில் மார்பு மேலே ஏறி, இறுகி, ஒன்று போல் ஒன்று இல்லாமல் இருக்கும். இறங்கி அமர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். சுருக்கென்று மின்சாரம் பாய்வது போல் குத்துவது நரம்பு திரும்பிவருவதால். அழுகை வருவதும் சகஜம், கண்ணாடி முன் நின்று இப்போதே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

படி 9: கார்டு

இம்ப்ளாண்டின் கம்பெனி, வகை, அளவு, வரிசை எண் அச்சிட்ட கார்டு கொடுப்பார்கள். கேட்டு வாங்கிப் பீரோவில் வையுங்கள், போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பு சொரசொரப்பான சில வகைகளுக்கும் அரிதான ஒரு லிம்போமாவுக்கும் (நிணநீர்ப் புற்றுநோய்க்கும்) தொடர்பு தெரிந்ததால், 2019இல் ஒரு பெரிய கம்பெனி அவற்றை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. உங்களுடையது எந்த வகை என்று கார்டுதான் சொல்லும். இம்ப்ளாண்ட் ஆயுள் முழுக்க வரும் பொருளும் அல்ல. சிலிக்கோன் ஜெல் என்றால் ஐந்தாறு ஆண்டில் முதல் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒன்று என்பது அமெரிக்க மருந்துத் துறையின் பரிந்துரை. பல ஆண்டு கழித்து ஒரு பக்கம் காரணமில்லாமல் வீங்கினாலோ, கல் போல் இறுகினாலோ அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.