நெய்தலைப் படித்து அரூபக் கடல் தீட்டுவது எப்படி

கடலை அரூப ஓவியமாக, அதாவது உருவங்களைக் காட்டாமல், தீட்ட விரும்புபவர்கள் முதலில் நீலச் சாயக் குழாயை மூடி வையுங்கள். நீலம் கையில் இருந்தால் தூரிகை தானாகவே அடிவானத்தைப் போட்டுவிடும். பிறகு அது வெறும் காட்சிப்படம்தான்.

நான் நெய்தல் பாட்டிலிருந்து தொடங்குவேன். நெய்தலுக்குரிய பொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். உரிய உணர்வு இரங்கல். ஒரு மனநிலைக்கு ஒரு நிலத்தையும் ஒரு பொழுதையும் வகுத்துக் கொடுத்த மரபைவிட நல்ல ஆசிரியர் அரூப ஓவியருக்கு வாய்க்கமாட்டார். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் பாடல்கள் நூறு. அவற்றில் ஒன்றை உரக்க வாசியுங்கள். புன்னையையும் நாரையையும் வரைய வேண்டாம். கடல் அங்கே என்ன செய்கிறது? அரிக்கிறதா, ஒதுக்குகிறதா, ஓயாமல் இரைகிறதா? அந்த ஒரு வினையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் சொந்தக் கடல். திருகோணமலையின் திருக்கடலூரில் வளர்ந்த எனக்கு அது கண்ணில் இல்லை, உள்ளங்கையில் இருக்கிறது. கரைவலைக் கயிறு சற்றுத் தளரும், உடனே முழுக் கனத்தோடு கடல் பக்கம் இழுக்கும். மேசன் கரண்டியில் சாயத்தை எடுத்து அந்த இழுப்பையே துணியில் நடத்துகிறேன்: அழுத்தி இழுத்து, தளர்த்தி, மறுபடி அழுத்தி. தோள் வலிக்க வேண்டும்; மணிக்கட்டால் மட்டும் தீட்டிய கடலை நான் நம்புவதில்லை.

மணல் சேர்ப்பதானால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவையுங்கள். உப்பு ஈரத்தை இழுத்துப் பூச்சை உரித்துவிடும். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அக்ரிலிக் தட்டிலேயே இறுகிவிடும். விடியற்காலையில் வேலை செய்யுங்கள். தண்ணீரை ஊற்றி இளக்காதீர்கள், பிடிப்புப் போய்விடும். அக்ரிலிக் மீடியம் சேருங்கள்.

இப்போது நீலத்தைத் திறக்கலாம். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் பழுப்பைக் கலந்தால் கறுப்புக்கு அருகில் ஓர் ஆழம் கிடைக்கும். திருகோணமலையின் கொட்டியாரக் குடாவின் அடியில் கிடக்கும் பெரும் பள்ளத்துக்கு என்னிடம் வேறு நிறம் இல்லை.

வெள்ளை கடைசியில். 1851இல் வெளியான மெல்வில்லின் ‘மொபி டிக்’ நாவலில் 42ஆம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அதைத் தொடுங்கள். திமிங்கிலத்தின் வெண்மை ஏன் அச்சுறுத்துகிறது என்பதே அந்த அத்தியாயம் முழுவதும். அதே இனமான ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் நம் கடலிலும் வருகின்றன. ஆகவே நுரை என்று வெள்ளையைத் தெளித்துவிடாதீர்கள். ஒரே இடத்தில், கீழே உள்ளதை விழுங்கும்படி தடிப்பாக வையுங்கள்.

தடித்த பூச்சு உள்ளே காய வாரக்கணக்கில் ஆகும். அதற்குமுன் வார்னிஷ் வேண்டாம். வாடை மழைக்காலமானால் இன்னும் பொறுங்கள்.