விற்பனைக்கு முன் துணைக்குக் கைகொடுப்பது: பின்னத் தெரியாதவர்களுக்கு

என் மனைவி குரோஷே, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை, செய்து விற்கிறாள். எனக்குப் பின்னத் தெரியாது. ஆனால் விற்பனை நெருங்கினால் பின்னுவதைத் தவிர மற்ற வேலையெல்லாம் என் பக்கம் வந்துவிடும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இது உதவும்.

கொக்கியை மட்டும் கையில் எடுக்காதீர்கள். அதே நூல், அதே கொக்கிதான் என்றாலும், நூலை இழுத்துப் பிடிக்கும் இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். நடுவில் இரண்டு வரிசை நீங்கள் போட்டால் அந்த இடம் தனியாகத் தெரியும்.

முதலில் கேட்டு வாங்க வேண்டியது நூல் நுனிகளை மறைக்கும் வேலை. நிறம் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் நுனி தொங்கும். பின்னுகிறவர்களுக்கு இதைப் போலச் சலிப்பான வேலை இல்லை. முனை மழுங்கிய, காது பெரிய ஊசியில் நுனியைக் கோத்து, பின்பக்கத்துக் கண்ணிகளுக்குள் 5 செ.மீ. ஓட்டுங்கள். அப்புறம் ஓர் இழையைத் தாண்டித் திரும்பி வாருங்கள். அந்த ஓர் இழைதான் பிடிப்பு; அது இல்லாமல் வந்த வழியே திரும்பினால் நூல் உருவிக்கொண்டு வரும். வெட்டுவதற்கு முன் துணியை நாலாபக்கமும் மெதுவாக இழுத்துவிடுங்கள். முதல் உருப்படியை அவரிடம் காட்டிச் சரி வாங்கிக்கொண்டு மேலே போங்கள்.

அடுத்து, பின்னி முடித்ததை ஈரமாக்கி வடிவம் படிய வைப்பது. இதில் நூல்கண்டின் லேபிளைப் படிக்காமல் எதையும் செய்யக் கூடாது. கம்பளி நூலென்றால் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, முறுக்காமல், துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்து, துருப்பிடிக்காத குண்டூசியால் பாயில் அளவாகக் குத்திக் காயவிடுங்கள். அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வரக் கூடாது. சூடு பட்ட அக்ரிலிக் தொய்ந்து பளபளத்துப்போகும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. தண்ணீர் தெளித்துக் குத்தி வைத்தாலே போதும்.

விலைச் சீட்டில் நூல் வகையும் துவைக்கும் முறையும் இருக்கட்டும். விலையை அவரே போடட்டும். எத்தனை மணி நேர உழைப்பு என்று அவருக்குத்தான் தெரியும். ‘இவ்வளவா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பொம்மைகள் இருந்தால் கண்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கானது என்றால் பிளாஸ்டிக் கண் வேண்டாம், நூலாலேயே தைக்கச் சொல்லுங்கள். அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.