இயர்போன் ஒயரைச் சுருட்டாதீர்கள்: போனில் எஃப்.எம். தெளிவாகக் கேட்க

செக்கானூரணிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அம்மா விடியும் முன்பே மல்லிகை பறிக்கப் போய்விடுவார். துணைக்குப் பட்டன் போனில் கொடைக்கானல் பண்பலை. பறிக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று இயர்போன் ஒயரைப் போனைச் சுற்றிச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு இடுப்பில் செருகியிருப்பார். பாட்டுக்குப் பாதி, இரைச்சலுக்குப் பாதி. "போன் பழசாப் போச்சுப்பா" என்றார். ஒயரைப் பிரித்துத் தொங்கவிட்டதும் அதே போனில் பாட்டு தெளிந்துவிட்டது.

காரணம் எளிது. போனில் எஃப்.எம்.முக்கு ஆன்டெனாவே அந்த இயர்போன் ஒயர்தான். செருகாவிட்டால் பல போன்களில் ரேடியோ திறக்கவே திறக்காது. ஒயர் இல்லாத புளூடூத் இயர்போன் இதற்கு உதவாது.

முதலில் போனைப் பாருங்கள். இயர்போன் செருகும் 3.5 மி.மீ. துளையும், நெட் இல்லாமல் ஓடும் எஃப்.எம். ரேடியோவும் இருக்க வேண்டும். நெட்டில் பாடும் ரேடியோ ஆப் வேறு, அதற்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. சில பட்டன் போன்கள் ஒயர் இல்லாமலே பாடும். அவற்றிலும் இயர்போனைச் செருகினால் பெரும்பாலும் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

அடுத்தது ஒயரை நீட்டுவது. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். நம் நாட்டில் எஃப்.எம். 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 செ.மீ. ஒயர் நேராக இருந்தால் சிக்னலை நன்றாகப் பிடிக்கும். இயர்போன் ஒயர் சுமார் 1.2 மீட்டர், போதுமான நீளம்தான். சுருட்டினால் அந்த நீளம் வீணாகிறது. உடம்போடு ஒட்டியிருந்தாலும் சிக்னல் குறையும். போனை ஆணியில் மாட்டி ஒயரைக் கீழே தொங்கவிட்டுப் பாருங்கள், அப்புறம் ஜன்னல் ஓரமாகப் படுக்கையாக நீட்டிப் பாருங்கள். எது தெளிவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பியில் சுற்ற வேண்டாம், ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

மூன்றாவது, இடம் மாற்றுவது. பலர் இதைச் செய்வதே இல்லை. எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் வருவது. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால்தான் அதன் 100.5 இவ்வளவு தூரம் சமவெளிக்கு எட்டுகிறது. ஆனால் நாகமலை அடிவாரத்தில், கொடைக்கானலுக்கு மறுபக்கம் வீடு இருந்தால் மலையே மறைக்கும். தகரக் கூரையும் மறைக்கும். போதாததற்கு, நேராக வரும் அலையும் சுவரிலோ பாறையிலோ பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த இடத்தில் எவ்வளவு நல்ல போனும் கரகரக்கும். இரண்டு, மூன்று அடி நகர்த்தினால் போதும், சட்டென்று தெளியும். எங்கள் வீட்டில் அடுப்படி மேடையில் கேட்காதது அதே அடுப்படியின் ஜன்னல் திண்டில் நன்றாகக் கேட்கிறது.

சார்ஜ் போட்டுக்கொண்டு கேட்காதீர்கள், மலிவான சார்ஜர் இரைச்சலைக் கிளப்பும். சில எல்.இ.டி. பல்புகளும் அப்படித்தான், அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இடம் அமைந்த பிறகுதான் நிலையங்களைத் தானாகத் தேடும் ஸ்கேன் கொடுக்க வேண்டும். முன்பே கொடுத்தால் பலவீனமான நிலையங்களைப் போன் தாண்டிப் போய்விடும். விட்டுப்போனால் கையால் எண்ணைப் போடுங்கள்: மதுரை வானொலி 103.3, சூரியன் 91.9, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4. செட்டிங்கில் மோனோ (இரண்டு காதிலும் ஒரே ஒலி) இருந்தால் தொலைவு நிலையங்களுக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டீரியோவில் வரும் 'உஸ்' சத்தம் நன்றாகக் குறையும்.

இவ்வளவுக்கும் சரியாகவில்லையா? பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய ஒயர் ஒன்றரை மீட்டர் எடுங்கள். அதன் ஒரு முனையை, போனுக்குப் பக்கத்தில் இயர்போன் ஒயர் மேல் பத்துப் பதினைந்து சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். உறையை உரிக்க வேண்டாம். நெருங்கிக் கிடக்கும் ஒயர்களுக்கிடையே இந்த அலை உறையைத் தாண்டியும் பாயும். மீதி ஒயரை ஜன்னல் பக்கம் நேராக நீட்டி விடுங்கள்.

காதில் வைக்கும் பக்கம் பழுதான இயர்போனைத் தூக்கிப் போடாதீர்கள். செருகிவிட்டு, ரேடியோவில் ஸ்பீக்கரைப் போட்டால் அதுவே நல்ல ஆன்டெனா. போனில் செருகும் பின்னுக்கு அருகே ஒயர் உள்ளே அறுந்திருந்தால் மட்டும் பயனில்லை. மேல்பக்கத்தை வெட்டிவிட்டீர்கள் என்றால் உள்ளே இருக்கும் வண்ண இழைகள் ஒன்றோடொன்று தொடாதபடி தனித்தனியாக டேப் சுற்றுங்கள்.

சால்டரிங் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி, இயர்போனுக்குப் பதிலாகச் செருக ஒரு ஆன்டெனாவே செய்துகொள்ளலாம். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள 3.5 மி.மீ. பின் ஒன்று வாங்குங்கள். மூடியைத் திருகினால் உள்ளே ஒயரைப் பற்றவைக்கும் மூன்று காதுகள் (சின்ன உலோகத் தகடுகள்) இருக்கும், நீளமான காதில் 75 செ.மீ. ஒயரை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். மூன்று வளையம் உள்ள பின்னை வாங்கிவிடாதீர்கள், அதில் அந்த இடம் மைக்குக்கு உரியது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கூடுதல் ஒயரை மொட்டை மாடிக்கோ மின்கம்பி போகும் பக்கமோ கொண்டுபோகாதீர்கள். சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசியிலும் நம் பக்கம் இடி பலமாக விழும். வானம் இருட்டினால் பாட்டு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். தோட்டத்தில் இருந்தால் போனை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.