எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியவர்கள் செய்யும் தவறுகள்

பெங்களூரிலோ சேலத்திலோ ஆபரேஷனை முடித்துக்கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீடு திரும்புகிறவர்களைத் தொடர்ந்து கவனித்தால் ஒன்று புரியும். இரண்டு வருடம் முன்பு ஆபரேஷன் செய்துகொண்டவர் எங்கே சறுக்கினாரோ, போன மாதம் செய்துகொண்டவரும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார். "நானும் இப்படித்தான் மாட்டுனேன்" என்று பழையவர் சொல்லி முடிப்பதற்குள் புதியவர் அதைச் செய்துவிட்டு வந்து நிற்கிறார்.

மெதுவாக மெல்லுங்கள், இனிப்பைத் தொடாதீர்கள், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இருக்கிறது. அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. சீட்டில் ஒரு ஓரமாக இருந்து கண்ணில் படாமல் போகிறவையும், சீட்டிலேயே இல்லாதவையும்தான் இங்கே.

களியை முழுங்குவது

ராகிக் களியை இந்தப் பக்கம் யாரும் மெல்லுவதில்லை. உருண்டையிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி, கட்டைவிரலால் நடுவில் குழித்து, கீரைக் கடைசலிலோ கருவாட்டுக் குழம்பிலோ தோய்த்து அப்படியே உள்ளே தள்ளுவதுதான் பழக்கம். மென்றால் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குழாயாகத் தைக்கிறார்கள். அகலம் சரியாக அமைய உள்ளே விட்டுத் தைக்கும் அளவுக் குழல் பெரும்பாலும் 36 முதல் 40 பிரெஞ்சு (குழலின் தடிமனுக்கான அலகு) வரை, அதாவது 12, 13 மில்லிமீட்டர். சுண்டு விரல் தடிமன்தான். அதற்குள் நெல்லிக்காய் அளவு களி இறங்கினால் நெஞ்சுக்குழியில் நின்றுகொள்ளும். வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும், வியர்க்கும், கடைசியில் வாந்தியாக வரும். தள்ளிவிடலாம் என்று மேலே தண்ணீர் குடித்தால் இன்னும் மோசம்.

ராகி நல்லதுதானே என்றால் நல்லதுதான். நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. திரவ உணவு மட்டும் எடுக்கும் முதல் இரண்டு வாரம் வடிகட்டிய ராகிப் பாலாகக் குடியுங்கள். மசித்த உணவுக்கு மாறும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் கூழாக எடுக்கலாம். களிக்கு மூன்று மாதம் பொறுங்கள். அப்போதும் குழைவாகக் கிளறி, கொண்டைக்கடலை அளவு எடுத்து, யார் சிரித்தாலும் மென்று தின்னுங்கள்.

கஞ்சியே சாப்பாடு என்று நம்புவது

ஒரு டம்ளர் ராகிக் கஞ்சியில் போகும் மாவு 20 கிராம் இருக்கும். அதிலிருந்து கிடைக்கும் புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. ஒரு நாளைக்கு வேண்டியது 60 முதல் 80 கிராம். மூன்று வேளையும் கஞ்சி குடித்துவிட்டு "வயிறு நிறைஞ்சிருச்சு" என்பவருக்குத் தசைதான் கரைகிறது. எடை மெஷினில் முள் இறங்குவதால் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். ஆனால் அவருக்கு மாடிப்படி ஏற முடியாது.

அதே கஞ்சியை 200 மில்லி பாலில் காய்ச்சினால் 6 கிராம் கூடும். டாக்டர் எழுதிக்கொடுத்த புரதப் பவுடர் ஒரு கரண்டி சேர்த்தால் பெரும்பாலும் 20 கிராமுக்கு மேல் கிடைக்கும். பவுடரைக் கொதிக்கும் கஞ்சியில் போட்டால் திரிந்து கட்டியாகிவிடும், ஆறிய பிறகு கலக்குங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து மசித்த முட்டை, பாசிப்பருப்புக் கடைசல், மென்மையான பன்னீர் என்று போகலாம். தட்டில் எது இருந்தாலும் முதல் வாய் புரதமாக இருக்கட்டும், பிறகு காய், இடம் மிஞ்சினால் சோறு.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லிக் கொள்ளு ரசத்தைச் சொம்பு சொம்பாகக் குடிப்பவர்களும் உண்டு. கொள்ளின் புரதம் பருப்பில்தான் இருக்கிறது. வடித்த தண்ணீரில் பெரிதாக ஒன்றும் இறங்குவதில்லை.

ஊர் திரும்பும் பயணத்தில் அசையாமல் உட்கார்ந்து வருவது

அசையாமல் உட்கார்ந்தே வந்தால் காலில் ரத்தம் உறையலாம், அதனால் மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள். ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாந்திக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வரக் காரணம், இது முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியது. தடுக்கும் மருந்தும் மலிவானது.

நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஆபரேஷன் முடிந்து ஐந்தாறு வாரம் ஆன ஒரு பெண். சாப்பிட்டது நிற்கவில்லை, இட்லிகூட வாந்தியாக வருகிறது. பித்தம் என்று மாமியார் சீரகத் தண்ணீரும் எலுமிச்சையும் கொடுக்கிறார். நான்காம் நாள் மெடிக்கலில் வாந்தி மாத்திரை. எட்டாம் நாள் பக்கத்து கிளினிக்கில் "ரொம்ப வீக்கா இருக்கம்மா, ஒரு பாட்டில் ஏத்திக்கோ" என்கிறார்கள். சாயந்திரம் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. இரண்டு நாள் கழித்து இன்னொரு பாட்டில், பிறகு இன்னொன்று. மூன்றாவது பாட்டிலுக்கு மறுநாள், "எதுக்க வர்ற பஸ் ரெண்டா தெரியுது" என்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி வைத்து நடக்கிறாள். சாப்பிடாத பலவீனம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். கொழுந்தனார் வந்து போனதை ஒரு மணி நேரத்தில் மறந்துவிட்டபோதுதான் பயந்துபோய் வண்டி பிடிக்கிறார்கள்.

இது பலவீனமில்லை. தயமின் என்னும் வைட்டமின் பி1 தீர்ந்துபோனதால் மூளையில் வரும் பாதிப்பு, பெயர் வெர்னிக்கி. உடம்பில் தயமின் கையிருப்பு 30 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும். புதிதாக உள்ளே போகாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் காலி. ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாடே கொஞ்சம், அதுவும் வாந்தியில் போய்விடுகிறது. சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க உடம்புக்குத் தயமின் கட்டாயம் வேண்டும். மீதமிருக்கும் துளி தயமினோடு மூளை தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும்போது நேராக ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றினால், அந்தத் துளியும் அதை எரிப்பதற்கே செலவாகிவிடும்.

அறிகுறி மூன்று: கண் (இரட்டையாகத் தெரிவது, பார்வை நிலைக்காமல் ஆடுவது), நடை தள்ளாட்டம், குழப்பமும் மறதியும். மூன்றும் சேர்ந்து வரும் என்று காத்திருக்கக் கூடாது, பலருக்கும் ஒன்றோ இரண்டோதான் தெரியும். சிலருக்குப் பாதத்தில் மரமரப்பும் எரிச்சலுமாகத் தொடங்கி முழங்கால்வரை ஏறும். உடனே மருந்து கிடைத்தால் கண் சில நாளிலேயே சரியாகலாம். நடை திரும்ப மாதக்கணக்கு ஆகும். நினைவாற்றல் சிலருக்குத் திரும்புவதே இல்லை.

கிளினிக் டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆபரேஷன் ஆன விஷயத்தையே பல பேர் அவரிடம் சொல்வதில்லை. "ஆபரேஷன் பண்ணி இளைச்சா" என்று ஊர் பேசுமே என்ற கூச்சம். வயிற்றில் இருப்பதோ நான்கைந்து சின்னத் தழும்பு, கேட்டால் பித்தப்பை ஆபரேஷன் என்று சமாளித்துவிடுகிறார்கள். சொந்தக்காரர்களிடம் மறையுங்கள், அது உங்கள் இஷ்டம். ஊசி போடுகிறவரிடம் மறைக்காதீர்கள்.

எப்போது கிளம்ப வேண்டும்? தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்க நிற்கவில்லை என்றால் அன்றைக்கே. தண்ணீர் நிற்கிறது, சாப்பாடுதான் வருகிறது என்றால், இரண்டு நாளுக்கு மேல் பொறுக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் போடுங்கள். பெங்களூர் போக முடியாத நிலையில் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 108-க்குக் கூப்பிட்டால் போதும்.

போனதும் சொல்ல வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்: "எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இத்தனை நாளாக வாந்தி. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி வேண்டும்." அதற்குக் கீழே ஆபரேஷன் தேதி, ஸ்லீவா பைபாஸா (இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைப்பது) என்பது, சர்ஜன் குழுவின் போன் நம்பர். நீர்ச்சத்து ஏற்ற நார்மல் சலைன் என்னும் உப்புநீர் இருக்கிறது. தயமின் போன பிறகு குளுக்கோஸ் ஏற்றலாமா என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

இதில் மூன்று குழப்பம் வழக்கமாக வரும். "சிவப்பு ஊசி போட்டாங்களே" என்பார்கள். சிவப்பாக இருப்பது பி12, இது பி1. "பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போடறேனே" என்பார்கள். வாந்தி எடுப்பவர் வயிற்றில் மாத்திரை நிற்காது. சந்தேகம் வந்துவிட்டால் நரம்பு வழியாக ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்று சில நாட்கள் தொடர்ந்து போடுவதுதான் சிகிச்சை, மாத்திரையின் அளவு அதற்குப் பக்கத்திலேயே வராது. மூன்றாவது, "எனக்கு ஸ்லீவ்தான், பைபாஸ் இல்லையே" என்பது. வாந்தி எடுத்தால் இருவருக்கும் ஒரே ஆபத்து.

பாட்டில் ஏற்றினாலும் வாந்தியின் காரணம் அங்கேயேதான் இருக்கும். தைத்த இடம் சுருங்கியிருக்கலாம், புண்ணாகியிருக்கலாம், பித்தப்பையில் கல் இருக்கலாம். சுருக்கத்தைப் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பியில் பலூன் வைத்தே விரிவாக்கிவிடுவார்கள். வாந்தி இந்த ஆபரேஷனோடு கூட வருகிற ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் இரண்டு வாரத்துக் காய்ச்சலைப் பாராசிட்டமாலில் அடக்குவது

காய்ச்சல் அடித்தால், உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டினால், இடது தோள்பட்டை வலி புதிதாக வந்தால், அல்லது வயிற்று வலி கூடிக்கொண்டே போனால், உள்ளே இரைப்பையில் போட்ட தையல் கசிவதாக இருக்கலாம். இரவாக இருந்தாலும் கிளம்புங்கள்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடுவது

டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரோஃபென் வேண்டாம். பைபாஸ் ஆனவர்களுக்கு இணைப்பில் புண் வரும். புகையிலையும் அப்படியே, வெற்றிலையோடு மென்றாலும் கணக்கில் சேர்த்திதான்.

பழைய மாத்திரைகளைப் பழைய அளவிலேயே தொடர்வது

சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபரேஷன் ஆன சில நாளிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கும். பழையபடி கிளிமிபிரைடும் இன்சுலினும் போட்டால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவார்கள். டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாப்பாடு குறைந்த நிலையில் ரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் ஏறும், குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே அது நடக்கும். பிரஷருக்கான நீர் மாத்திரையும் தண்ணீர் சரியாகக் குடிக்க முடியாத நாட்களில் கிறுகிறுப்பைக் கொண்டுவரும். பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஆபரேஷன் குழுவிடம் தனித்தனியாகக் கேட்டு, தொடர், குறை, நிறுத்து என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

எல்லாச் சத்து மாத்திரையையும் ஒரே வாயில் போடுவது

கால்சியமும் இரும்பும் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். கால்சியத்தை ஒரே வேளையில் 600 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் வீண். நாளுக்கு 1200 முதல் 1500 என்பதை மூன்று வேளையாகப் பிரியுங்கள். கால்சியம் சிட்ரேட் என்று பார்த்து வாங்குங்கள், கார்பனேட் கரைவதற்கு வயிற்று அமிலம் வேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகு அது குறைவு. இரும்பு மாத்திரையைக் காலை டீயோடு போடாதீர்கள்.

ஆறு மாதம் ஆனதும் "இப்ப நல்லா இருக்கேன்" என்று நிறுத்துவதும் வழக்கமாகிவிட்டது. பி12 கையிருப்பு தீர மாதங்கள், வருடங்கள்கூட ஆகும், அதனால்தான் நிறுத்தியவுடன் ஒன்றும் தெரிவதில்லை. இந்த மாத்திரைகள் ஆயுசுக்கும்.

சீசனில் மாங்கூழ்

மே, ஜூனில் கிருஷ்ணகிரிக்காரர்களை மாம்பழம் சாப்பிடாதே என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. ஆறு மாதம் தாண்டியவர் சாப்பாடு முடித்து, மெல்லிய கீற்று இரண்டு மென்று சாப்பிட்டுப் பார்க்கலாம். கூழும் ஜூஸும் வேறு கதை. சர்க்கரைக் கரைசல் நேரே குடலுக்குள் பாய்ந்து, அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. பைபாஸ் ஆனவர்களுக்கு இது அதிகம். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை சரிந்து கை நடுங்குவதும் இதனால்தான், அந்த நேரத்தில் டூவீலரில் இருந்தால் ஆபத்து. கரும்புச் சாறுக்கும் இதே விதி.

மூன்றாவது வாரமே மனசு விடுவது

முதல் இரண்டு வாரம் வேகமாக இறங்கிய எடை மூன்றாவது, நான்காவது வாரத்தில் அப்படியே நிற்கும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அழுகிறவர்கள் இருக்கிறார்கள், பட்டினி கிடக்கிறவர்களும் இருக்கிறார்கள். தொடக்கத்தில் போனதில் பெரும்பங்கு தண்ணீர், இப்போது உடம்பு அதைச் சரிசெய்துகொள்கிறது. புரதமும் நடையும் சரியாக இருந்தால் முள் தானே நகரும். வாரம் ஒருமுறை, அதே நாள், அதே நேரம் பார்த்தால் போதும். மூன்று மாதம் ஆனதும் இடுப்பில் டேப் வைத்து அளந்து பாருங்கள், மெஷின் காட்டாததை அது காட்டும்.

முடி கொட்டுகிறதே என்று எண்ணெய் மாற்றுவது

மூன்றாவது மாதத்துக்கு மேல் கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். எண்ணெய்க்குக் கொடுக்கும் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

"எனக்குத்தான் குழந்தை நிக்காதே" என்ற நம்பிக்கை

சினைப்பை நீர்க்கட்டியால் வருடக்கணக்கில் மாதவிடாய் தப்பியவர்களுக்கு, எடை இறங்கியதும் சில மாதத்திலேயே சீராகிவிடுவது உண்டு. கருவும் எதிர்பாராமல் நிற்கும். உடம்பு சத்தில்லாமல் இருக்கும் இந்த நேரத்தில் அது வேண்டாம். 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வது அதற்குத்தான். பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படும் என்ற உறுதி இல்லை, காப்பர் டி போன்றவற்றைப் பற்றிக் கேளுங்கள். குழந்தைக்காகவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், முயற்சிக்கும் முன் ரத்தத்தில் இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம் பார்த்துக்கொள்வது நல்லது.

செக்கப்புக்கு தூரம் என்று போகாமல் விடுவது

மூன்று, ஆறு, பன்னிரண்டாவது மாதம், பிறகு வருடம் ஒருமுறை. ரத்தத்தை உள்ளூர் லேபிலேயே கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பல இடங்களில் பார்க்கிறார்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து "ரத்தம் நல்லா இருக்கு" என்று லேபில் சொல்லி அனுப்பினால், ஃபெரிட்டின் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாருங்கள்.