ஸ்வீடன் பீரங்கிகளைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்வீடன் ஆயுதங்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் காணப்படும் பிழைகளில் பெரும்பாலானவை பெயர்க் குழப்பத்தால் நேர்பவை. போஃபர்ஸ் என்றதும் 1986 மார்ச்சில் 410 எண்ணிக்கையில் வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்த 155 மி.மீ. ஹவிட்சர் வகைப் பீரங்கிதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. உண்மையில் போஃபர்ஸ் என்பது ஸ்வீடனின் கார்ல்ஸ்கூகா நகரத்து நிறுவனத்தின் பெயர். அந்த ஹவிட்சரின் பெயர் எஃப்.எச்.77பி. இரண்டாம் உலகப் போர் பற்றிய நூல்களில் ‘போஃபர்ஸ்’ என்று வருவதோ 1930களில் பயன்பாட்டுக்கு வந்த 40 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கி. பிரிட்டனும் அமெரிக்காவும் உரிமம் பெற்று அதைத் தயாரித்தன. ஜெர்மானியரும் கைப்பற்றியவற்றைப் பயன்படுத்தினர். ஆகவே அதை நேச நாடுகளின் பீரங்கி என்று மட்டும் எழுதுவதும் சரியன்று.

இதைவிடப் பரவலான தவறு, அந்த 40 மி.மீ. பீரங்கியின் பிந்தைய வகையான எல்/70 என்பதில் உள்ள எழுபதை மில்லிமீட்டராகவோ, தயாரித்த ஆண்டாகவோ கொள்வது. அந்த எண், குழல் தன் உள்விட்டத்தைப் போல எத்தனை மடங்கு நீளமானது என்பதைச் சொல்கிறது. நாற்பதை எழுபதால் பெருக்கினால் 2,800 மி.மீ., அதாவது 2.8 மீட்டர். ஆனால் பெயரில் உள்ள எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. முந்தைய எல்/60 பீரங்கியின் குழல் உண்மையில் 56 மடங்கை ஒட்டியதுதான்.

ஆல்ஃபிரட் நோபல் போஃபர்ஸைத் தோற்றுவித்தார் என்பதும் பிழை. 1646இலேயே தொடங்கிய இரும்பாலை அது. 1894இல்தான் அவர் கைக்கு வந்தது, 1896இல் அவர் மறைந்தார்.

கார்ல் குஸ்டாஃப் என்னும் 84 மி.மீ. ஆயுதத்தை நம்மவர்கள் ராக்கெட் லாஞ்சர் என்றே அழைக்கிறார்கள். பேச்சுவழக்கில் அது இருந்துவிட்டுப் போகட்டும். விளக்கக் கட்டுரையில் அது பின்னுதைப்பற்ற பீரங்கி என்று தெளிவாக எழுத வேண்டும். குண்டைக் குழாயிலிருந்து வெளியே தள்ளுவது வெடிமருந்தின் வாயு. அதே வாயுவின் பெரும்பகுதி பின்பக்கத் திறப்பு வழியாகப் பீறிட்டு வெளியேறுவதால்தான் சுடுபவரின் தோள் தப்பிக்கிறது. சில வகைக் குண்டுகளில் பறக்கும்போது எரியும் ராக்கெட் துணை உண்டு என்பது குழப்பத்திற்கு ஒரு காரணம். முன்னால் இருக்கும் இலக்கைப் பற்றியே எழுதி, பின்னால் நிற்பவருக்கு நேரும் ஆபத்தைச் சொல்லாமல் விடுவதைப் பெருங்குறை என்றே கருதுகிறேன்.

வரலாற்றுப் பகுதியில், ஸ்வீடன் மன்னர் இரண்டாம் குஸ்டாவ் அடால்ஃபின் தோல் பீரங்கியை எல்லோரும் வியந்து எழுதுகிறார்கள். மெல்லிய செப்புக் குழலின் மேல் கயிறும் தோலும் சுற்றிய அந்தப் பீரங்கி இலேசானதுதான். ஆனால் தொடர்ந்து சுட்டால் சூடேறிப் பழுதாகியது. 1631இல் ஜெர்மனியின் பிரைட்டன்ஃபெல்ட் களத்தில் ஸ்வீடன் படைக்குக் கைகொடுத்தவை அதன் இடத்தைப் பிடித்த, வார்ப்பில் செய்யப்பட்ட சிறு பீரங்கிகள்.

போஃபர்ஸ் கொள்முதலில் எழுந்த லஞ்சப் புகாரையும் பீரங்கியின் தரத்தையும் ஒன்றாக்குவது நம் நாட்டுக்கே உரிய பிழை. 1987இல் ஸ்வீடன் வானொலி வெளியிட்ட செய்தியும், சென்னையிலிருந்து வெளிவரும் ‘தி இந்து’ பின்னர் வெளியிட்ட ஆவணங்களும் பணம் கைமாறிய விதத்தைப் பற்றியவை. 1999இல் கார்கில் மலைகளில் அதே பீரங்கி எதிரிகளின் நிலைகளை நேருக்கு நேர் குறிபார்த்தும் சுட்டது. அங்கே எட்டிய தொலைவைச் சமவெளிக்குரிய தொலைவாக எழுதுவதும் தவறே. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, குண்டு கூடுதலாகப் பாயும். ஜபல்பூரில் உருவாகும் தனுஷ் பீரங்கி போஃபர்ஸின் வடிவமைப்பைத் தழுவியதுதான் என்றாலும், அதை வெறும் நகல் என்பவர்கள் மேற்சொன்ன பெருக்கலைச் செய்து பார்க்கலாம்: இரண்டின் உள்விட்டமும் 155 மி.மீ., பழையது 39 மடங்கு, தனுஷ் 45 மடங்கு, குழலில் மட்டும் 93 செ.மீ. கூடுதல்.