ஜெர்மனில பிசினஸும் இன்ஜினியரிங்கும் சேத்துப் படிக்கணுமா? மொதல்ல சிலபஸைத் தேடி எடுங்க

பி.ஈ. முடிச்சுட்டு எம்.எஸ்.ஸா எம்.பி.ஏ.வான்னு முழிக்கிறவங்களுக்கு ஜெர்மனில ரெண்டையும் ஒண்ணா சொல்லிக்குடுக்கற ஒரு படிப்பு இருக்கு, பேரு விர்ட்ஷாஃப்ட்ஸ்இன்ஜினியர்வேசன். வாய்ல நுழையலன்னா கவலப்படாதீங்க, அங்க பசங்களே சுருக்கி விங்னு தான் சொல்றாங்க. 1920கள்ல பெர்லின்ல ஆரம்பிச்ச படிப்பு, அதனால அங்க கம்பெனிக்காரங்களுக்கு இது என்ன டிகிரின்னு விளக்க வேண்டியதில்ல. கார்ல்ஸ்ரூ, ஆக்கன், டார்ம்ஸ்டாட் எல்லாம் இதுக்குப் பேர் போன இடங்க. ஆக்கன், டார்ம்ஸ்டாட்ல சேரும்போதே மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிகல்னு ஒரு பக்கத்த எடுத்துக்கணும்.

நம்மாளுங்க மாஸ்டர்ஸ்ல கோட்ட விடறது மார்க்ல இல்ல, கிரெடிட்ல. நான் 8-க்கு மேல சிஜிபிஏ வச்சிருக்கோம்னு தெனாவட்டா அப்ளை பண்ணேன், ஒரு யூனிவர்சிட்டிலேந்து ரிஜெக்ட் மெயில், காரணம் எக்கனாமிக்ஸ் கிரெடிட் பத்தல. இத்தன கிரெடிட் மேத்ஸ், இத்தன இன்ஜினியரிங், இத்தன மேனேஜ்மென்ட்னு ஒவ்வொரு இடத்துலயும் கணக்கு வச்சிருக்காங்க, அதுல ஒண்ணு கொறஞ்சாலும் நெறைய இடத்துல மத்ததப் பாக்கவே மாட்டாங்க. அதனால அட்மிஷன் ரூல்ஸ் பிடிஎஃப்ப டவுன்லோட் பண்ணி, பக்கத்துல உங்க சிலபஸ வச்சு ஒரு எக்செல் போடுங்க. நாம தூங்கிக்கிட்டே பாஸ் பண்ண பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட், டோட்டல் குவாலிட்டி மேனேஜ்மென்ட், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எல்லாம் இங்க தான் கைகுடுக்கும். இன்னும் காலேஜ்ல இருக்கீங்கன்னா எலக்டிவ் எடுக்கும்போதே இத மனசுல வச்சுக்கங்க.

மார்க்க அவங்க கணக்குக்கு மாத்தறது ஈசி: சிஜிபிஏவ 10-லேந்து கழிங்க, 5-ஆல வகுங்க, 3-ஆல பெருக்குங்க, 1 கூட்டுங்க. பாஸ் மார்க் 5-ன்னு வச்சா 8 சிஜிபிஏ 2.2 ஆகும், அங்க நம்பர் கொறைய கொறைய நல்லது.

பேரப் பாத்தும் ஏமாறாதீங்க. மியூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டில 'மாஸ்டர் இன் மேனேஜ்மென்ட்' வெறும் இன்ஜினியரிங், சயின்ஸ் படிச்சவங்களுக்கு, 'மேனேஜ்மென்ட் அண்ட் டெக்னாலஜி' ஏற்கனவே ரெண்டும் கலந்து படிச்சவங்களுக்கு. மாத்தி அப்ளை பண்ணா போச்சு. ஜெர்மனில படிப்பு ஃப்ரீங்கற கதையும் பழசு, அதே மியூனிக் டெக்னிக்கல்ல நமக்கு மாஸ்டர்ஸ் செமஸ்டருக்கு 4000-லேந்து 6000 யூரோ, கார்ல்ஸ்ரூல 1500. ஆக்கன்லயும் டார்ம்ஸ்டாட்லயும் டியூஷன் ஃபீஸ் இல்ல, சின்னதா செமஸ்டர் கட்டணம் மட்டும் தான்.

பிளஸ் டூ முடிச்சு நேரா பேச்சலர் போகணும்னா ஜேஇஇ அட்வான்ஸ்ட் பாஸ் பண்ணணும், இல்லன்னா இங்க ஒரு வருஷம் சம்பந்தப்பட்ட டிகிரி படிச்சுட்டுப் போகணும், பாடமும் பெரும்பாலும் ஜெர்மன்ல தான்.

விசாவுக்கு ஏபிஎஸ் சர்டிபிகேட் (நம்ம படிப்பு சர்டிபிகேட்டெல்லாம் சரிதானான்னு ஜெர்மன்காரங்க பாத்துக் குடுக்கறது) இல்லாம ஒண்ணும் நடக்காது, 18,000 ரூபா ஆகுது. மாசாமாசம் கொஞ்சமா மட்டும் எடுக்க விடற பிளாக்ட் அக்கவுண்ட்ல ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோ காட்டணும். பல யூனிவர்சிட்டிக்குப் பொதுவா அப்ளிகேஷன் வாங்கிப் பாக்கற யூனி-அசிஸ்ட் வழியா போற இடங்களுக்கு மொத அப்ளிகேஷனுக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொண்ணுக்கும் 30, அதனால எக்செல்ல தேறாத இடத்துக்கு ஆசைக்குன்னு போடாதீங்க. ஏபிஎஸ்ஸுக்கு வெயிட் பண்ற நேரத்துல சும்மா இருக்காம நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவன்ல ஜெர்மன் கிளாஸ் சேந்துடுங்க.